நீலக் கொம்பு, சிவப்புக் கொம்பு

என் அண்ணன் கையில் ராசி இருந்தது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். ஆட்டுக்குக் குடற்புழு மருந்தை அவர் ஊற்றினால் கேட்கும். வேறு யார் ஊற்றினாலும் அரைகுறைதான். அமாவாசையன்று எங்கள் ஊரில் ஏர் கட்டுவதில்லை. ஆட்களுக்கும் மாடுகளுக்கும் ஓய்வு. அதனால் அது ஆட்டு மருந்து நாளாயிற்று. கன்னிவாடிக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சிற்றூரில் ஆடு வைத்திருந்தவர்கள் எல்லோரும் அன்று காலையில் எங்கள் வாசலுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அண்ணன் ஆட்டின் தலையைத் தன் முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, கடைவாயில் இரண்டு விரலை நுழைத்து, புரையேறாமல் ஊற்றுவார். அவர் இறந்த பிறகு அதே மருந்தை, அதே அளவில், அவர் மனைவியான மதினி ஊற்றினார். அந்த மழைக்காலத்தில் ஆடுகள் சாகத் தொடங்கின. தாலி இழந்த கை ஊற்றியதால் வந்த வினை என்று ஊர் சொன்னது. வீட்டிலும் அதையேதான் நம்பினார்கள் என்பதை நான் மறைப்பதற்கில்லை. மதினியின் மகன் பிரபுவே நம்பினான்.

நான் அப்போது நியூசிலாந்தில் இருந்தேன். ஆட்டின் இரைப்பையில் ரத்தம் குடித்து வாழும் புழுக்கள் மருந்துக்கு எப்படி அடங்காமல் போகின்றன என்பதை அவற்றின் மரபணுவுக்குள் தேடுவது என் வேலை. அந்த நாட்டுச் செம்மறிகளின் புழுக்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருந்தவள், சொந்த அண்ணன் பட்டியைப் பார்த்ததில்லை.

மார்கழி பிறந்ததும் மதினி தொலைபேசியில் அழைத்தார். ஆடுகளை விற்கப் போவதாகச் சொன்னார். குரலில் அழுகையும் இல்லை, குறையும் இல்லை. "ஒனக்கும் ஒரு வார்த்தை சொல்லணும்ல கௌசி. அவுக வளத்தது" என்றார். ஆடு போய்விட்டால் மதினிக்குத் தன் காலில் நிற்க வேறு பிழைப்பு கிடையாது. ஒட்டன்சத்திரத்தில் மகன் குடியிருக்கும் வாடகை வீட்டில் ஒரு மூலையும் ஒரு தட்டும்தான் மிஞ்சும். அதுவும் ராசியில்லாதவள் என்ற பெயரோடு. மூன்று வாரம் விடுப்பு எடுத்தேன். சிறிய நுண்ணோக்கி ஒன்றைப் பழைய சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில் அந்தப் பெட்டியை மடியைவிட்டு இறக்கவில்லை. சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலை மூட்டையோடு ஏறிய ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தார். சற்று நேரம் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள என்னம்மா, அம்புட்டுப் பத்திரமாப் பிடிச்சிருக்கீக?"

ஆட்டுப்புழுக்கையில் இருக்கும் புழு முட்டைகளைப் பார்க்கும் கருவி என்றேன். அவர் அதை நன்றாக யோசித்தார்.

"எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு தடவ வச்சுப் பாருங்க. திங்கிற சோறு எங்கிட்டுப் போகுதுன்னே தெரியல" என்றார்.

திண்டுக்கல்லில் இறங்கியதும் பசித்தது. சீரகச் சம்பாவில் செய்த பிரியாணி. அரிசி பொடிப்பொடியாக, கறி எலும்பிலிருந்து தானாகக் கழன்று வந்தது. நான் வசிக்கும் ஊரில் ஆட்டுக்கறியைப் பெரிய பாளமாகச் சுட்டு, புதினாச் சாற்றோடு வைப்பார்கள். அந்த ஆடு என்ன தின்றது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கே பரிமாறியவர் கேட்காமலே சொன்னார்: மலையடிவாரத்து வெள்ளாடு, தழை தின்று வளர்ந்தது, அதனால்தான் கறியில் கொச்சை வாடை இல்லை. அந்த மலையடிவாரத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை.

சாப்பிட்டபின் கல் உப்பு, தேநீர் வடிகட்டி, பிளாஸ்டிக் குவளைகள், நீலத்திலும் சிவப்பிலும் கொம்பு வண்ணம் எல்லாம் வாங்கினேன். பொங்கலுக்காக வண்ணம் அப்போதே கடைக்கு வந்திருந்தது. கால்நடை மருந்துக் கடையில் அண்ணன் பயன்படுத்திய அதே மருந்தைக் கேட்டேன். கடைக்காரர் புட்டியை எடுத்து வைத்துவிட்டு, இப்போதெல்லாம் எல்லோரும் அளவை இரட்டித்து ஊற்றுகிறார்கள் என்றார். கேட்கிறதா என்றேன். கேட்கவில்லை என்பதால்தான் இரட்டிக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதை அங்கேயே நின்று குறித்துக்கொண்டேன்.

கன்னிவாடிப் பேருந்து பழனிச் சாலையில் ஊர்ந்தது. பச்சை உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் சாலையின் இடப்பக்கம் முழுவதையும் நிறைத்துக்கொண்டு நடந்தார்கள். நியூசிலாந்தில் என்னைச் சாலையில் இப்படி நிறுத்தி வைப்பவை செம்மறிகள் மட்டுமே. கன்னிவாடி விலக்குக்குச் சற்று முன்னால் டயர் பஞ்சராயிற்று. மாற்றுச் சக்கரத்திலும் காற்றில்லை. நடத்துநர் யாரையும் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாத்திரைக்காரர்களுக்காகப் பந்தல் போட்டிருந்தவர்கள் எங்களையும் கூப்பிட்டுச் சுக்குக் காப்பியும் சுண்டலும் கொடுத்தார்கள். அடுத்த பேருந்து வந்து, நான் வீடு சேர்ந்தபோது விளக்கேற்றும் நேரம். மதினி வாசலில் நின்றிருந்தார். என் கையிலிருந்து பெட்டியை வாங்கி, அதன் கனத்தைப் பார்த்துவிட்டு, "தின்பண்டம் ஒண்ணுமில்லையா?" என்றார்.

மறுநாள் காலை பட்டிக்குப் போனேன். நான் வேலை செய்யும் நாட்டில் ஆடுகளுக்குக் காதில் எண் உண்டு. இங்கே கருவாச்சி, செவலை, ஒத்தக்கொம்பி. இருபத்திரண்டு மிஞ்சியிருந்தன. ஒவ்வொன்றின் கீழிமையையும் விரலால் இழுத்துப் பார்த்தேன். உள்பக்கம் சிவந்திருந்தால் உடம்பில் ரத்தம் இருக்கிறது. வெளுத்திருந்தால் புழு அதைக் குடித்துவிட்டது. மூன்று ஆடுகளின் இமை காகிதம் போல் இருந்தது. அவற்றுக்குத் தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. அந்த மூன்றையும் தனியே கட்டி, திண்டுக்கல்லிலேயே வாங்கி வந்திருந்த வேறு வகை மருந்து கொடுத்தேன்.

பிறகு நிமிர்ந்தபோது அந்த அட்டையைப் பார்த்தேன். கொட்டகைத் தூணில், மழை படாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, நான்கு மூலையிலும் ஆணி அடித்திருந்தது. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது நான் அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தது. "மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை. எல்லா ஆட்டுக்கும். ஒன்றையும் விடக் கூடாது." கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

அப்போது எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அண்ணன் ஒழுங்கு தவறாத மனிதர். மழைக்காலம் என்பதை ஆண்டு முழுவதுமாக்கி, எல்லா ஆடும் என்பதை ஊர் ஆடுகள் எல்லாமுமாக்கி, ஓர் அமாவாசையும் தவறாமல் நடத்தியிருக்கிறார். இந்த மருந்து, புழுவின் உடலுக்குள் சாரம் போல் நிற்கும் ஒரு புரதத்தைப் பிடித்துக் கலைக்கும். அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறிப் பிறந்த புழுவிடம் மருந்துக்குப் பிடி கிடைக்காது. முதலில் அப்படிப்பட்டவை எங்கோ ஒன்றிரண்டுதான் இருக்கும். எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் ஊற்றினால் மற்றவை செத்து, அந்த ஒன்றிரண்டும் தங்கும். அவற்றின் குஞ்சுகளே மேய்ச்சல் நிலமெங்கும் புல்நுனியில் ஏறி, மேயும் ஆட்டின் வயிற்றுக்குள் போகும். சில ஆடுகளை மருந்தில்லாமல் விட்டிருந்தால், மருந்துக்குச் சாகும் புழுக்களும் கூடவே பிழைத்து அவற்றோடு கலந்திருக்கும். ஒன்றையும் விடக் கூடாது என்று எழுதியவள் நான். மதினியிடம் அதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். எண்ணிப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன்.

மதியம் பிரபு வந்தான். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றிப் போகும் வண்டி ஓட்டுகிறான். ஆட்டு வியாபாரியிடம் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னான். என்னிடம் மரியாதையாகத்தான் பேசினான்.

"அத்தை, ஒங்க படிப்ப நான் கொறை சொல்லல. ஆனா அப்பா ஊத்துனப்ப சாகலையே. அதே பாட்டில்தானே?"

அது சரியான கேள்வி. ஆய்வுக்கூடத்தில் ஒருவர் கேட்டிருந்தாலும் அதைச் சரி என்றே சொல்லியிருப்பேன். சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன்.

"எதை? ராசியவா?"

"ராசியத்தான்."

பதினான்கு நாள் கேட்டேன். நாளை மறுநாள் அமாவாசை. பாதி ஆடுகளுக்கு மதினி ஊற்றட்டும். அண்ணனுக்குப் பிறகு ஊரார் யாரிடம் ஆடுகளை ஓட்டிப் போகிறார்களோ அந்தப் பரமன் மாமா மற்றவற்றுக்கு ஊற்றட்டும். ஊற்றும் முன்பும், பௌர்ணமிக்கு முதல் நாளும், ஒவ்வோர் ஆட்டின் புழுக்கையிலும் எத்தனை முட்டை என்று எண்ணுகிறேன். எந்தக் கை நல்ல கை என்று முட்டை சொல்லிவிடும். பிரபு தாயைப் பார்த்தான். மதினி அவரைக்காய் நரம்பு உரித்துக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"பண்ணு. ஆனா ஊருக்கு முன்னால வச்சுப் பண்ணு" என்றார்.

புழுக்கை சேகரிக்க நான் கையுறை கொண்டுவந்திருந்தேன். மதினிக்கு அது சிரிப்பாக இருந்தது. படுத்திருக்கும் ஆடு எழுந்தவுடன் போடும் என்றார். விடிகாலையில் ஒவ்வோர் ஆடாகத் தட்டி எழுப்பி, பின்னால் ஒரு சிரட்டையைப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்துவிட்டன. கடைசியாகப் பட்டியின் ஓரத்தில் தனியாகக் கட்டியிருந்த பெரிய கிடாயிடம் போனோம். அண்ணனுக்கு அந்த நீண்ட நோய் தொடங்கியபோது, பிழைத்தால் தருவதாக மலையடிவாரத்துக் கருப்பனுக்குக் குட்டியிலேயே நேர்ந்து விட்ட கிடாய் அது. சாமிக்கு விட்டதற்கு மருந்து ஊற்றுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை; உடம்பு கலங்கின கிடாயைச் சாமி ஏற்காது என்பார்கள். அட்டை இருந்தும் அண்ணன் விட்டுவைத்த ஒரே ஆடு அதுதான். புழுக்கையாவது எடுக்கலாமா என்று கேட்டேன்.

"சாமிக்கு வேணாம்னுதானே போடுது. எடுத்துக்க" என்றார் மதினி.

அமாவாசையன்று வாசலில் ஊர் கூடியது. எந்த ஆடு யாருக்கு என்பதைத் திருவுளச்சீட்டுப் போட்டு முடிவு செய்யலாம் என்றேன். கோயிலில் எல்லாவற்றுக்கும் சீட்டுப் போடுகிறவர்கள் என்பதால் அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. என் ஆய்வுக்கூடத்தில் இதையே கணினி செய்கிறது. அதை நம்பவைக்க இதைவிட அதிகம் பேச வேண்டியிருக்கும். திருநீற்றுத் தட்டில் பதினெட்டுச் சீட்டு. நீலச் சீட்டு விழுந்த ஆறு ஆடுகளின் கொம்பில் நீலம், அவை மதினிக்கு. சிவப்பு ஆறு, பரமன் மாமாவுக்கு. எழுதாத சீட்டு விழுந்த ஆறுக்கு மருந்தே கிடையாது. அவற்றின் இமை நன்றாகச் சிவந்திருந்தது என்றாலும் பரமன் மாமாவுக்கு மனம் கேட்கவில்லை.

"சும்மா விட்டா பாவமில்லையா தாயி? உங்க அண்ணன் ஒரு குட்டியக்கூட விடமாட்டாரே."

நான் சீட்டுகளைத் தட்டில் திரும்ப அடுக்கினேன். மதினிதான், "விட்டுப் பாப்பம்ணே" என்றார்.

எடை போட்டு, ஒரே புட்டியிலிருந்து, ஒரே பீச்சாங்குழலில் அளந்து கொடுத்தேன். பரமன் மாமா கூச்சத்தோடு ஊற்றினார். இதற்கு முன் இப்படி ஊர் பார்க்கச் சோதனைக்காக அவர் ஊற்றியதில்லை. மதினி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆட்டின் தலையை முழங்கால்களுக்கு நடுவே பிடித்து, கடைவாயில் இரண்டு விரலை நுழைத்து ஊற்றினார். அண்ணன் ஊற்றிய அதே விதம். அவருடைய ஆடு ஒன்றுகூட இருமவில்லை.

அடுத்து வந்த நாட்கள் நீளமானவை. புழுக்கையைக் கரைத்து, வடிகட்டி, கெட்டியான உப்புத் தண்ணீரில் கலந்தால் முட்டைகள் மேலே மிதந்து வரும். அதைக் கோடு போட்ட கண்ணாடியில் விட்டு எண்ண வேண்டும். நான் எண்ணும்போது எந்தக் குவளை எந்த ஆட்டுடையது என்று எனக்கே தெரியக் கூடாது. தெரிந்தால் கண் ஆசைப்பட்டதைப் பார்க்கும். பிரபுவிடம் சொன்னேன். குவளைகளுக்கு அவன் எண் போட்டு, பட்டியலைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நம்பாதவனிடம் பட்டியல் இருப்பது நல்லது என்று நினைத்தேன். தெருவில் போன ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆட்டுப்புழுக்கைக்கு ஊறுகா போடுறாகடீ" என்று பின்னால் வந்தவளுக்குச் சொன்னாள். அன்றுமுதல் வேலை முடிந்ததா என்று கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஊறுகாய் ஊறிவிட்டதா என்றே கேட்டார்கள்.

மதினி ஒருநாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். நீள்வட்டமான முட்டைகள், உள்ளே உருண்டை உருண்டையாக. "சீத்தாப்பழத்தப் பிளந்து பாத்த மாதிரி இருக்கு" என்றார். அதன்பின் ஒவ்வொரு பிற்பகலும் வந்து பார்த்துவிட்டுப் போனார். சாப்பாட்டு வேளையில் மட்டும் கண்டிப்பு. மொச்சைக் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள இரண்டு வெஞ்சனம் இல்லாமல் தட்டு வைக்க மாட்டார். அங்கே நான் பகலில் ரொட்டியும் ஆப்பிளும் தின்கிறேன் என்று தெரிந்தபோது, அதை ஒரு நோய்ச்செய்தி போலக் கேட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் காலை செவலை செத்துக் கிடந்தது. நீலக் கொம்பு.

ஊருக்குச் சொல்லியனுப்ப வேண்டிய தேவை இருக்கவில்லை. வேலிக்கு வெளியே நின்ற கூட்டத்தில் யாரோ, "இதுக்கு மேல என்னத்தச் சோதிக்க" என்றது எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. மதினி செவலையின் கண்ணை மூடினார். பிறகு, அறுத்துப் பார்க்கலாமா என்று என்னை அவரே கேட்டார்.

வேலியோரமாகக் கிடத்தி அறுத்தேன். நான்காம் இரைப்பையைத் திறந்தபோது பரமன் மாமா ஓரடி பின்வாங்கினார். சிவப்பு நூலையும் வெள்ளை நூலையும் முறுக்கியது போல் நூற்றுக்கணக்கில் புழுக்கள். அவை நெளிந்துகொண்டிருந்தன. ஊற்றி ஒன்பது நாள். மருந்து வேலை செய்திருந்தால் இரண்டாம் நாளே இவை வெளியேறியிருக்க வேண்டும். மதினி குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"உசுரோட இருக்கு" என்றார்.

புழுக்களைச் சாராயத்தில் போட்டு மூடினேன். ஆனால் இது நீலக் கொம்பு. சிவப்புக் கொம்பிலும் இப்படித்தான் இருக்கிறதா என்று தெரியும்வரை, பார்த்தவர்களுக்கு இது மதினியின் கை செய்த வேலைதான்.

மறுநாளே பிரபு வியாபாரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கேயிருந்து வந்தவர். வெள்ளை வேட்டி, பணிவான பேச்சு. அவரும் முதலில் இமையைத்தான் இழுத்துப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மா, நான் வெலையக் கொறைக்கறதுக்குச் சொல்லலீங்க. எங்க பக்கமும் இதே கதைதானுங்க. மருந்து தண்ணியாப் போச்சுங்க" என்றார்.

உங்கள் பக்கம் யார் ஊற்றுகிறார்கள் என்று மதினி கேட்டார். அவரவர் வீட்டு ஆம்பளைகள்தான் என்றார் அவர். மதினி பிரபுவை ஒருமுறை பார்த்தார். பிறகு வியாபாரியிடம், பௌர்ணமி கழித்து வந்தால் பேசலாம், இப்போது மோர் குடித்துவிட்டுப் போகலாம் என்றார். பிரபு வண்டியில் ஏறும்போது கதவை வேகமாகச் சாத்தினான்.

பௌர்ணமிக்கு முதல் நாள். விடிகாலையில் சிரட்டைகள், பிறகு குவளைகள். காலையிலிருந்து மூன்று மணிவரை எண்ணினேன். பிரபு அன்று வண்டியை எடுக்கவில்லை. கடைசிக் குவளை முடிந்ததும் எண்களை வரிசையாக வாசித்தேன். அவன் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரே ஆட்டின் பெயரையும் கொம்பின் நிறத்தையும் சொன்னான். முதல் நான்கைந்து பெயரை உரக்கச் சொன்னவன் குரல் பிறகு தணிந்தது. நீலக் கொம்புகளில் முட்டை குறையவில்லை. சிவப்புக் கொம்புகளிலும் குறையவில்லை. இரண்டு ஆடுகளில் கூடியிருந்தது. மருந்தே ஊற்றாத ஆறுக்கும் இவற்றுக்கும் வேறுபாடு சொல்ல முடியாது. வேறு மருந்து கொடுத்துத் தனியே கட்டியிருந்த மூன்று ஆடுகளின் இமையில் மட்டும் சிவப்பு ஏறத் தொடங்கியிருந்தது.

பரமன் மாமா பட்டியலை வாங்கிப் பார்த்தார்; அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது. "அப்ப என் கையிலயும் ஒண்ணுமில்ல" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது என்று எழுதினால் அது மிகையாகாது. ஆறேழு மாதமாக அவரும் அந்தக் கையைச் சுமந்திருக்கிறார்.

பிரபு தாயிடம் ஏதோ சொல்ல வந்தான். மதினி, "சாப்பிட்டியா நீ?" என்று கேட்டு உள்ளே போனார். அவன் பின்னாலேயே போனான்.

எனக்கு இன்னொன்று பாக்கியிருந்தது. அவர்கள் வெளியே வந்ததும் தூணிலிருந்த அட்டையைக் காட்டினேன். அது எப்படி வேலை செய்தது என்பதை, ஒன்றிரண்டு புழுவிலிருந்து தொடங்கி, முழுவதும் சொன்னேன். பிரபு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மதினி கேட்டு முடித்துவிட்டுத் தூணருகே போய் உறையைத் தடவினார்.

"அப்ப ராசியில்லாதது இந்த அட்டைதேன்" என்றார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, முதுகைத்தான் பார்த்தேன்.

புழுக்களின் மரபணுவைப் படித்தால்தான் முழு விடை. அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக என்னிடம் அனுமதி கிடையாது. சென்னையில் என் தோழி சாந்தியின் ஆய்வுக்கூடத்தில் கொடுப்பதாக ஏற்பாடு. இரண்டு நாள் கழித்து, செவலையின் புழுக்களும், கிடாய் உட்பட எல்லா ஆடுகளின் புழுக்கையிலிருந்து பிரித்த முட்டைகளும் இருந்த புட்டிகளைப் பனிக்கட்டிப் பெட்டியில் அடுக்கித் திண்டுக்கல்லுக்குப் போனேன். மதினியும் கூட வந்தார். கூரியர் கடைப் பையன்கள் உள்ளே என்ன என்று கேட்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன். பெட்டியை மேசையிலிருந்து அவர்களே இறக்கி வைத்தார்கள். நானே ரயிலில் கொண்டுபோவதென்று முடிவாயிற்று.

ரயில் நிலையத்தில் பிற்பகல் வெயில். நடைமேடைப் பெஞ்சில் பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு, மதினி கட்டி வந்த புளிச்சோற்றை இலையில் பிரித்தோம். பழனியிலிருந்து திரும்பும் ஒரு குடும்பம் பஞ்சாமிர்த டப்பாக்களை எண்ணிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மதினி சொன்னார்.

"உங்க அண்ணன் இருந்தாகள்ல, கடைசி மழை. அப்பவே மூணு செத்துச்சு."

நான் கையிலெடுத்த சோற்றை இலையிலேயே திரும்ப வைத்தேன்.

"அவுக ஊத்துனதுதேன். விடியிறதுக்குள்ள ஓடைப்பக்கம் கொண்டு போயிப் பொதைச்சாக. கேட்டா வித்துட்டேன்னு சொல்லுன்னாக. அம்புட்டுப் பேரும் அவுக கைய நம்பி ஓட்டிட்டு வாராக, அந்தக் கை போச்சுன்னா என்ன செய்ய."

"தெரிஞ்சுக்கிட்டேவா மதினி, இத்தன நாளும் பேச்சு வாங்குனீக?"

அவர் இலையில் ஒட்டியிருந்த பருக்கைகளை விரலால் சேர்த்தார்.

"செத்த மனுசனுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதேன். அதையும் நான் புடுங்கவா?"

ரயில் வருவதற்குள் ஒன்றை மட்டும் பேசிக்கொண்டோம். ஊரில் யாரும் கேட்டால், மருந்துக்கு வயதாகிவிட்டது என்று சொல்வதென முடிவு செய்துகொண்டோம். அது பொய்யும் இல்லை. பின்னால் இதை எழுதலாமா என்று கேட்டபோது, பெயர்களை மாற்றி எழுதிக்கொள்ளச் சொன்னார். மாற்றியிருக்கிறேன்.

சாந்தியின் முடிவு வந்தபோது நான் நியூசிலாந்துக்குத் திரும்பியிருந்தேன். நீலக் கொம்பிலும் சிவப்புக் கொம்பிலும் அநேகமாக எல்லாப் புழுக்களிலும் அந்த ஓர் எழுத்து மாறியிருந்தது, தாய்வழி வந்த பிரதியிலும் தந்தைவழி வந்த பிரதியிலும். ஒரு மழைக்காலத்தில் நடக்கக்கூடிய காரியமில்லை அது. அண்ணன் ஊற்றிய ஒவ்வோர் அமாவாசையும் அதில் இருந்தது. கிடாயின் புழுக்கள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. அவற்றில் பாதிக்குமேல் பழைய எழுத்து மாறாமலே இருந்தது. அண்ணன் சாமிக்குப் பயந்து விட்டுவைத்த ஓர் உடம்புக்குள் மருந்துக்குச் சாகும் புழுக்கள் பிழைத்துக் கிடந்தன. அந்தக் கிடாயை அவிழ்த்து மந்தையோடு மேயவிடச் சொன்னேன். அவற்றின் முட்டையும் புல்லில் விழட்டும்.

மாசியில் கிடாயை வெட்டி நேர்த்தியை முடித்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் வந்து சொன்னார்களாம். மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "அவுக பொழைச்சாத் தாரேன்னுதான் பேச்சு. பொழைக்கல. கிடா என்னுது" என்று சொல்லிவிட்டார். பிரபு எனக்குத் தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவன் குரலில் சற்றுப் பெருமை இருந்தது. வியாபாரி இரண்டு முறை வந்து மோர் குடித்துவிட்டுப் போனதையும் அவன்தான் சொன்னான்.

அமாவாசையன்று ஊர் மறுபடியும் எங்கள் வாசலுக்கு வருகிறது. மதினி ஒவ்வோர் ஆட்டின் கீழிமையையும் இழுத்துப் பார்க்கிறார். வெளுத்திருந்தால் புது மருந்து. சிவந்திருந்தால், "ஓட்டிட்டுப் போ" என்கிறார். பழக்கம் விடாதவர்கள் கொஞ்சம் ஊற்றிவிடுங்கள் என்று மன்றாடுகிறார்களாம். அட்டை தூணில் இல்லை. ஆணித் துளைகள் நான்கு இருக்கின்றன. பட்டியில் இப்போது இருபது ஆடுகள், அவற்றில் பதினாறு இந்த மழைக்கு மருந்து தொடாதவை. கிடாய் இருக்கிறது. மதினி இருக்கிறார்.